மறுநாளே இட்லி கொடுத்தது அவசரமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 63 வயது. வலது பக்கப் பெருங்குடலில் புற்றுநோய். லேப்ராஸ்கோப்பி முறையில் அந்தப் பகுதியை எடுத்துவிட்டார்கள். மறுநாள் காலையிலேயே எழுப்பி நடக்க வைத்தார்கள். அன்று மாலையே இட்லி. ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். 1996 இல் என் தாத்தாவுக்கு இதே அறுவை நடந்தபோது ஒரு வாரம் மூக்கில் குழாய், பதினைந்து நாள் படுக்கை. கட்டிலைக் காலி செய்யும் அவசரத்தில் அம்மாவை அனுப்பிவிட்டார்களோ என்று வீட்டில் எல்லோருக்கும் கோபம். பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கு உள்ளே கசிவு ஏற்பட்டு மறுபடியும் அறுவை செய்தார்கள். நடக்க வைத்ததால்தான் தையல் விட்டுவிட்டது என்கிறார் பெரியம்மா. அவர்தான் இப்போது அம்மாவைக் கவனித்துக்கொள்கிறார். எழவிடுவதில்லை, கஞ்சி மட்டும்தான், குளிக்கக் கூடாது. நாளுக்கு ஐந்து முறை இளகலாகப் போகிறது. வயிற்றில் போடச் சொன்ன ஊசியைப் போட ஆள் இல்லாததால் நிறுத்திவிட்டோம். அம்மாவிடம் ‘குடலில் கட்டி’ என்று மட்டும் சொல்லியிருக்கிறோம். பயாப்ஸி அறிக்கை அடுத்த வாரம் வரும். இன்று எட்டாம் நாள். மாடிக்குப் போய்த் துணி காயப்போட வேண்டும் என்று அம்மா அடம்பிடிக்கிறார். விடலாமா?

– 39 வயது மகள், காரைக்குடி

பதில்:

உங்கள் கடிதம் வந்த அன்றே அந்த ஊசியைப் பற்றி மட்டும் தனியாகப் பதில் அனுப்பினேன். மறுநாளே அம்மாவுக்கு அறுவை செய்த மருத்துவரிடம் பேசி ஊசியை மீண்டும் தொடங்கிவிட்டதாக எழுதினீர்கள், கூடவே டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலையும் அனுப்பினீர்கள். அதனால்தான் மற்றவற்றை இங்கே நிதானமாக எழுத முடிகிறது.

முதலில் கோபத்தைப் பற்றி. நீங்கள் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இட்லியின் மேலும் நடையின் மேலும் கோபப்படுகிறீர்கள். அவை இரண்டும்தான் உங்கள் அம்மாவுக்குக் கிடைத்த நல்ல வைத்தியம்.

உங்கள் தாத்தா பட்ட பாட்டை நான் நேரில் அறிவேன், ஏனென்றால் அப்போது அந்தப் பாட்டைக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். பயிற்சி மருத்துவராக இருந்த நாட்களில் குடல் அறுவை செய்த ஒவ்வொருவரின் கேஸ் ஷீட்டிலும் ‘வாய்வழியாக எதுவும் கூடாது’ என்று தினமும் காலையில் எழுதுவேன். வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் குடல் சத்தம் கேட்கிறதா என்று பார்ப்போம். காற்று பிரிந்ததா என்று கேட்போம். பிரியவில்லை என்றால் இன்னொரு நாள் பட்டினி. வாய் கொப்பளிக்கக் கொடுத்த தண்ணீரை விழுங்கிவிட்டார் என்பதற்காக ஒரு பெரியவரை வார்டே கேட்கும்படி திட்டியிருக்கிறேன். குடலை வெட்டித் தைத்திருக்கிறோம், அதற்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்பது எங்கள் கணக்கு. உங்கள் பெரியம்மாவின் கணக்கும் அதுதான். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

கணக்கு தவறியது எங்கே என்றால், குடல் பட்டினி கிடந்தாலும் காலியாக இருப்பதில்லை. உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர், குடலே சுரக்கும் நீர் என்று ஒரு நாளைக்கு ஏழெட்டு லிட்டர் உள்ளே சுரந்துகொண்டே இருக்கிறது. பெரும்பகுதியைச் சிறுகுடலே திரும்ப உறிஞ்சிக்கொண்டாலும், ஒரு லிட்டருக்கு மேல் பெருங்குடலுக்கு வந்து சேரும். உங்கள் அம்மாவுக்குச் சிறுகுடலின் நுனியையும் பெருங்குடலையும் சேர்த்த இடம் சரியாக அந்த வழியில்தான் இருக்கிறது. ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் இருந்தாலும் அந்தத் தையல் நனையத்தான் செய்யும். இட்லியால் அதற்குப் புதிதாக வரும் சுமை ஒன்றுமில்லை. அதோடு, அறுவைக்குப் பிறகு சிறுகுடல் சில மணி நேரத்திலேயே வேலையைத் தொடங்கிவிடுகிறது. இரைப்பைக்கு ஒன்றிரண்டு நாள், பெருங்குடலுக்கு இரண்டு மூன்று நாள் ஆகும். காற்று பிரிவது என்பது வரிசையில் கடைசியாக எழுந்திருப்பவரின் கொட்டாவி. அதற்காகக் காத்திருந்து மற்ற எல்லோரையும் பட்டினி போட்டோம்.

இதை முதலில் உரக்கக் கேட்டவர்களில் ஒருவர் ஹென்ரிக் கெலெட் என்ற டென்மார்க் அறுவை மருத்துவர். 1990களில் கோபன்ஹேகனில், குடல் அறுவை முடிந்தவர் ஏன் பத்து நாள் படுத்திருக்கிறார் என்று ஒவ்வொரு காரணமாகப் பிரித்துப் பார்த்தார். வலி, வலிக்காகக் கொடுக்கும் மார்ஃபின் குடலையே மந்தமாக்குவது, தேவைக்கு மேல் ஏற்றிய சலைனால் குடல் சுவர் வீங்குவது, மூக்குக் குழாய், சிறுநீர்க் குழாய், வயிற்றில் தேங்கும் நீரை வடிக்கும் டிரெயின் குழாய் என்று கட்டிலோடு கட்டிப்போடும் குழாய்கள், பட்டினி, படுக்கை. நோயை விட நாங்கள் செய்தவையே அதிகம் இருந்தன. ஒவ்வொன்றையும் குறைத்தார். 2000 இல் அவருடைய குழு வெளியிட்ட கட்டுரையில், வயிற்றைத் திறந்து பெருங்குடல் அறுவை செய்துகொண்ட 60 பேரில் பாதிப் பேர் இரண்டு நாளுக்குள் வீடு திரும்பியிருந்தார்கள். நாங்கள் படித்துவிட்டுச் சிரித்தோம். பிறகு ஐரோப்பிய மருத்துவர்கள் சிலர் கூடி இதை ஒரு நடைமுறையாக்கினார்கள். இன்று நம் ஊரிலும் பல மருத்துவமனைகள் அதைப் பின்பற்றுகின்றன. அறுவைக்கு ஆறு மணி நேரம் முன்பு வரை லேசான உணவு, இரண்டு மணி நேரம் முன்பு வரை தெளிந்த பானம், மார்ஃபின் குறைவு, மறுநாளே சிறுநீர்க் குழாயை எடுப்பது, எழுந்து நடப்பது, சாப்பிடுவது எல்லாம் அதில் வருபவை. சீக்கிரம் சாப்பிட்டவர்களில் சிலருக்கு வாந்தி வரும், குடல் அசையாமல் நின்று வயிறு உப்பும், இரண்டு நாள் மூக்குக் குழாய் போட நேரிடும். அது சங்கடம்தான், விபரீதம் அல்ல.

படுக்கையின் விலையையும் சொல்லிவிடுகிறேன். 2007 இல் வெளியான ஓர் ஆய்வில், நோய் எதுவும் இல்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை போய்விட்டது. இவர்கள் அறுவையும் செய்துகொள்ளவில்லை, கஞ்சியும் குடிக்கவில்லை. படுத்திருக்கும் நுரையீரலின் அடிப்பகுதியில் சளி தேங்கும், நிமோனியா வரும். படுத்திருக்கும் காலில் இரத்தம் உறையும்.

அடுத்து, அந்தப் பக்கத்துக் கட்டில்.

குடலைச் சேர்த்த இடத்தில் கசிவு என்பதுதான் இந்த அறுவையில் நாங்கள் மிகவும் பயப்படுவது. வலது பக்க அறுவையில் நூறு பேரில் சிலருக்கு ஏற்படுகிறது. மலக்குடலின் அடிப்பகுதியில் செய்யும் அறுவையில் இன்னும் அதிகம். சேர்த்த முனைகளுக்கு இரத்த ஓட்டம் போதாமை, இழுவிசை, புகைப்பழக்கம், மெலிந்த உடல், ஸ்டீராய்டு மாத்திரைகள், அவசரமாகச் செய்யவேண்டிவந்த அறுவை ஆகியவை அதற்கான காரணங்கள். சில சமயம் எல்லாம் சரியாக இருந்தும் கசியும். எந்த அறுவை மருத்துவரும் ‘எனக்கு ஒருபோதும் நடந்ததில்லை’ என்று சொன்னால், அவர் போதுமான அளவு அறுவை செய்யவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நடந்ததால் தையல் விட்டது என்பதற்கு ஆதாரம் இல்லை. முதல் சில நாட்களில் அந்த இணைப்பு வலுவற்றுத்தான் இருக்கும், ஏனென்றால் பழைய நார்ப்பொருள் கரைந்து புதியது உருவாகும் இடைவெளி அது. அதனால்தான் கசிவு பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் வெளிப்படுகிறது. அந்த நாட்களில்தான் நோயாளிகளும் நடக்கத் தொடங்குகிறார்கள். காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

உங்கள் அம்மாவை அவசரத்தில் அனுப்பவில்லை என்பதற்கு டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே சாட்சி இருக்கிறது. சி.ஆர்.பி. என்று ஓர் இரத்தப் பரிசோதனை, உடலுக்குள் அழற்சி எவ்வளவு என்று காட்டுவது. மூன்றாம் நாள் 118, ஐந்தாம் நாள் 61 என்று எழுதியிருக்கிறார்கள். மூன்று, நான்காம் நாட்களில் 150க்குக் கீழே இருந்து, பிறகும் இறங்கிக்கொண்டே வந்தால் உள்ளே கசிவு இருக்க வாய்ப்பு மிகவும் குறைவு. பார்த்துத்தான் அனுப்பியிருக்கிறார்கள்.

நீங்கள் கோபப்பட வேண்டிய இடம் கடைசிப் பக்கம். இரவு இரண்டு மணிக்கு ஏதாவது என்றால் யாரை அழைப்பது என்று ஓர் எண்கூட அதில் இல்லை. எந்த அறிகுறிக்கு ஓடி வர வேண்டும் என்று ஒரு வரி இல்லை. ஊசியை மாத்திரைகளுக்கு நடுவே ஆங்கிலத்தில் ஏழாவது வரியாக எழுதியிருக்கிறார்கள். யார் போடுவது, எதற்காகப் போடுவது என்று யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை. ஐந்தாம் நாள் அனுப்புவது என்றால், அதற்குப் பிறகு வார்டில் செவிலியர்கள் பார்த்துக்கொண்டிருந்த வேலை உங்கள் வீட்டுக்கு வருகிறது என்று பொருள். வேலையை ஒப்படைக்கும்போது என்ன வேலை என்று சொல்ல வேண்டாமா? அதைச் சொல்லாமல் சீக்கிரம் அனுப்பினால், நீங்கள் எழுதியபடி, அது கட்டிலைக் காலி செய்வதுதான்.

அவர்கள் சொல்லாததை நான் சொல்கிறேன். காலையிலும் மாலையிலும் அம்மா சும்மா உட்கார்ந்திருக்கும்போது மணிக்கட்டில் நாடியை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். கடிகாரம் போதும், வேறு கருவி வேண்டாம். ஓய்வில் இருக்கும்போதே நூறைத் தாண்டி, அரை மணி நேரம் கழித்தும் இறங்கவில்லை என்றால் மருத்துவரை அழையுங்கள். கசிவில் பல நேரம் காய்ச்சலுக்கு முன்னால் நாடிதான் ஓடத் தொடங்கும். நேற்றைவிட இன்று வலி அதிகம் என்றால் கவனிக்க வேண்டும். குணமாகும் வயிற்றில் வலி நாளுக்கு நாள் குறையத்தான் வேண்டும். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டுவது, வயிறு உப்பி வாந்தி எடுப்பது, காற்றும் மலமும் சேர்ந்தே நின்றுபோவது, சிறுநீர் குறைவது, சம்பந்தமில்லாமல் பேசுவது – இவற்றில் எது வந்தாலும் அன்றே, இரவானால் இரவிலேயே, அறுவை நடந்த மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். ‘வாயுவாக இருக்கும், ஓமத்தண்ணீர் கொடுத்துப் பார்ப்போம்’ என்று ஒரு நாள் கழித்து வருகிறவர்களைத்தான் காப்பாற்ற முடியாமல் போகிறது. காயத்தில் சிவப்பு, சீழ் என்றால் அது வேறு. அதற்கு மறுநாள் காலையில் போனால் போதும்.

ஊசி: புற்றுநோயும், வயிற்று அறுவையும், படுக்கையும் சேர்ந்தால் காலின் ஆழமான இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையும் அபாயம் கூடுகிறது. அந்த இரத்தக் கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போனால் நின்ற இடத்திலேயே உயிர் போகலாம். இந்த அபாயம் வீட்டுக்கு வந்ததும் தீர்ந்துவிடுவதில்லை என்பதால்தான் மொத்தம் 28 நாள் போடச் சொல்கிறார்கள். உங்கள் அம்மாவுக்கு எழுதியிருப்பது எனாக்ஸபாரின் 40 மில்லிகிராம், தினம் ஒன்று. தொப்புளிலிருந்து நாலு விரல் தள்ளி, காயம் இல்லாத பக்கத்தில் தோலை மடித்துப் பிடித்துச் செங்குத்தாகக் குத்த வேண்டும். நிரப்பி வரும் ஊசியில் இருக்கும் காற்றுக் குமிழியை வெளியேற்ற வேண்டாம். குத்திய இடத்தைத் தேய்க்கவும் வேண்டாம், கன்றிப்போகும். ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரிடம் ஒருமுறை கற்றுக்கொண்டால் மறுநாள் முதல் நீங்களே போடலாம். பல நோயாளிகள் தாங்களே போட்டுக்கொள்கிறார்கள். ஒரு காலில் மட்டும் வீக்கமோ கெண்டைக்கால் வலியோ, திடீர் மூச்சிரைப்போ வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

மூச்சுப் பயிற்சிக்காகக் கொடுத்த அந்த மூன்று பந்துக் கருவியை வீட்டுக்குக் கொண்டுவந்திருப்பீர்கள். அதில் ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். பாதிப் பேர் தலைகீழாகத்தான் செய்கிறார்கள்.

கஞ்சிக்கு வருவோம். பெரியம்மாவின் கைப்பக்குவத்தை நான் சந்தேகிக்கவில்லை, ஆனால் ஒரு தம்ளர் அரிசிக் கஞ்சியில் இரண்டு மூன்று கிராம் புரதம் இருந்தால் அதிகம். வெட்டிய குடல் ஒட்டவும் கரைந்த தசை திரும்பவும், 50 கிலோ எடையுள்ள உங்கள் அம்மாவுக்கு ஒரு நாளைக்கு 60 முதல் 75 கிராம் வேண்டும். கஞ்சியிலேயே அதை எட்ட வேண்டுமானால் குடம் குடமாகக் குடிக்க வேண்டியதுதான். ஒரு முட்டையில் ஆறு கிராம், ஒரு தம்ளர் பாலில் அதே அளவு. மீன், தோல் நீக்கிய கோழி, நன்றாக வேகவைத்த பாசிப்பருப்பு, பனீர், தயிர் எல்லாம் கொடுக்கலாம். முட்டை புண்ணைச் சீழ் பிடிக்க வைக்காது, தயிர் சளி பிடிக்க வைக்காது. ஒரே வேளையில் நிறையக் கொடுக்காமல் ஆறு சிறு வேளைகளாகப் பிரியுங்கள். நார் அதிகமுள்ள வாழைத்தண்டு, முருங்கைக்காய்ச் சக்கை, கீரைத்தண்டு, முழுப் பயறு ஆகியவற்றை மட்டும் மூன்று நான்கு வாரம் ஒதுக்கிவையுங்கள். பெரியம்மாவிடம் ‘கஞ்சியை நிறுத்துங்கள்’ என்று சொன்னால் நடக்காது. ‘கஞ்சியில் பருப்பும் முட்டை வெள்ளையும் சேர்த்துக் கொடுக்க டாக்டர் சொன்னார்’ என்று சொல்லுங்கள், நடக்கும்.

ஐந்து முறை போவது கசிவின் அறிகுறி அல்ல. பெருங்குடலின் வலது பாதியும், சிறுகுடலுக்கும் அதற்கும் நடுவிலிருந்த வால்வும் போய்விட்டன. தண்ணீரை உறிஞ்சும் இடம் குறைந்துவிட்டது, பித்த உப்புகளும் கொஞ்சம் அதிகமாகக் கீழே இறங்கி எரிச்சலூட்டுகின்றன. சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில், மிச்சமுள்ள குடல் பழகிக்கொள்ளும். அதுவரை ஓ.ஆர்.எஸ்., உப்புப் போட்ட மோர். பத்து முறைக்கு மேல் தண்ணீராகப் போனாலோ, காய்ச்சலோ இரத்தமோ சேர்ந்தாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளால் குடலில் வேறு கிருமி பெருகியிருக்கலாம். கடையில் கேட்டு நீங்களாகவே மாத்திரை வாங்கிப் பேதியை நிறுத்த வேண்டாம்.

குளிக்கலாம். காயங்கள் காய்ந்திருக்கின்றன, சோப்பும் தண்ணீரும் பட்டால் ஒன்றும் ஆகாது. ஒற்றித் துடைத்தால் போதும்.

அம்மாவிடம் சொல்லாமல் இருப்பதைப் பற்றி நீங்கள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் அதை எழுதியிருக்கிறீர்கள் அல்லவா? ஒரு கேள்வி. அறுவைக்கு முன்னால் ஒப்புதல் படிவத்தில் யார் கையெழுத்துப் போட்டார்கள்? பெரும்பாலும் மகனோ மகளோ போட்டிருப்பீர்கள். நல்லெண்ணம்தான், எனக்குத் தெரியும். ஆனால் இனி வரப்போவது அம்மா தன் கால்களால் நடந்து, தன் வாயால் சாப்பிட்டு, தன் உடம்பில் ஏதாவது மாறினால் தானே சொல்லியாக வேண்டிய காலம். ‘சும்மா ஒரு கட்டி’ என்று நினைப்பவர் எதற்காக 28 நாள் வயிற்றில் குத்திக்கொள்வார்? கீமோ தேவைப்பட்டால் அந்த வார்டின் பெயர்ப் பலகையே சொல்லிவிடும்; பலகையைப் பார்த்து அவர் தெரிந்துகொள்வதைவிட உங்கள் வாயால் தெரிந்துகொள்வது நல்லது. ‘உனக்கு என்ன என்று நினைக்கிறாய், அம்மா?’ என்று தனியாக இருக்கும்போது கேட்டுப் பாருங்கள். நான் கேட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் ஏற்கெனவே தெரிந்துவைத்திருந்தார்கள். பிள்ளைகள் வருத்தப்படுவார்களே என்று அவர்கள் மறைத்துக்கொண்டிருந்தார்கள்.

அறிக்கை வந்ததும் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். எத்தனை நிணநீர்க் கணுக்களை எடுத்துப் பார்த்தார்கள் என்பது ஒன்று. பன்னிரண்டுக்குக் குறையாமல் இருந்தால்தான் நோய் பரவவில்லை என்ற முடிவை நம்பலாம். அவற்றில் ஒன்றிலாவது புற்றுநோய் இருந்தால் மூன்றாம் நிலை, பொதுவாகக் கீமோ உண்டு. அறுவைக்குப் பின் ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் தொடங்குவது நல்லது. நடையையும் முட்டையையும் நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு உண்மையான காரணம் இதுதான்: எழுந்து நடமாட முடியாதவருக்குக் கீமோ தள்ளிப்போகும். கீமோவுக்குப் பிறகும் நடை தொடரட்டும். 889 பெருங்குடல் புற்றுநோயாளிகளை வைத்துச் செய்து 2025 இல் வெளியான ஆய்வில், கீமோ முடித்தபின் மூன்று ஆண்டுகள் வழிகாட்டுதலோடு உடற்பயிற்சி செய்தவர்களில் ஐந்தாண்டுக்குப் பிறகு நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 80 சதவீதம், வெறும் அறிவுரைப் புத்தகம் பெற்றவர்களில் 74 சதவீதம். சில மருந்துகளே இவ்வளவு வித்தியாசம் காட்டுவதில்லை.

இரண்டாவது விஷயம் உங்களுக்கானது. கட்டியில் எம்.எம்.ஆர். புரதங்களை, அதாவது மரபணுவில் நேரும் பிழைகளைத் திருத்தும் புரதங்களைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். பரம்பரையாக வரும் வகையா என்பதற்கு அது ஒரு துப்பு, அதுவும் உங்கள் தாத்தாவுக்கும் இதே அறுவை என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் அம்மாவின் அப்பா என்றால், அவருக்கு அப்போது என்ன வயது என்று விசாரித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்தப் பரிசோதனை இயல்பாக இருந்தாலும், பெற்றோரில் ஒருவருக்கு இந்த நோய் வந்தால் பிள்ளைகள் 40 வயதிலேயே கொலோனோஸ்கோப்பி (பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) செய்துகொள்ள வேண்டும். உங்களுக்கு 39.

மாடி. தாராளமாக ஏறலாம், படிக்கட்டு நல்ல பயிற்சி. முதல் இரண்டு நாள் பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும், நடுவில் ஒரு படியில் நின்று மூச்சு வாங்கிக்கொள்ளட்டும். ஆறு வாரம் வரை நான்கைந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, காயத்தின் வழியாகக் குடல் பிதுங்கும் அபாயம் இருக்கிறது. ஈரத்துணி நிறைந்த வாளி அதைவிடக் கனம். துணியை அம்மாவே உதறிக் கொடியில் போடட்டும். வாளியை நீங்கள் தூக்கிக்கொண்டு பின்னால் போங்கள்.